குழிக்கு ஓர் ஒப்பந்தம்

ஆம்புலன்ஸ் டிரைவர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். பூருல் இந்தப் பக்கம் நின்றாள். நடுவில் ஆளையே நிற்கவைத்துப் புதைக்கிற ஆழத்துக்குப் பள்ளம்.

“வண்டி இதுக்கு மேல வராதுக்கா.”

“வராதுன்னா என்ன அர்த்தம்? உள்ளே பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வலியில கத்துறா!”

“என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்? தோண்டுனவனைத் திட்டுங்க.”

நர்ஸ் மட்டும் பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த பலகை மேல் கைகளை விரித்துக்கொண்டு ஓர் அடி, ஓர் அடியாக நடந்து வந்தாள். பூருலின் மருமகள் மீரிமின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பொய்வலி என்றாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாள்.

திரும்பிப் போகும்போது பலகை ஆடியது. நர்ஸின் ஒரு செருப்பு பள்ளத்துக்குள் போனது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒற்றைச் செருப்போடு திரும்பி நின்று கத்தினாள்.

“நிஜ வலி வந்தா என்னைக் கூப்பிடாதீங்க! தெருமுனை வரைக்கும் நீங்களே தூக்கிட்டு வாங்க!”

தூக்கிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? மகன் ஆலிம் மாஸ்கோவில் யாருடைய வீட்டுக்கோ செங்கல் அடுக்குகிறான். கணவர் இசாபெக்குக்கு வயிற்றில் அறுவை நடந்து, தேநீர்ப் பானைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையே சாக்காக வைத்து அவர் தேநீர்ப் பானையையும் தூக்குவதில்லை.

அல்மாபாக் தெருவை வசந்த காலத்தில் தோண்டினார்கள். புதுக் குடிநீர்க் குழாய் வரப்போகிறது என்று நாடா வெட்டினார்கள், மேயர் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் நின்று பாட்டுப் பாடினார்கள். மறுநாள் எந்திரம் வந்து தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நட்டநடுவில் வகிர்ந்து போட்டது. குழாய்களை ஓரமாக அடுக்கிவிட்டுப் போனவர்கள்தான். ஆப்பிள் பூத்தது, காய்த்தது, பழுத்தும் விட்டது. ஒருவனும் வரவில்லை. இனி பனி விழுந்தால் மண் இறுகிப் பாறையாகிவிடும். வயிற்றுப் பிள்ளை பனிக்காகக் காத்திருக்குமா?

பக்கத்து வீட்டு ஜுமாஷ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். வேலி மேல் தலையை நீட்டினார்.

“பூருல், பேசாம அஷார் கூப்பிடு. தெருவே சேர்ந்து மூடிடலாம்.”

அஷார் என்று ஒருவர் கூப்பிட்டால் எங்கள் ஊரில் மண்வெட்டியோடு வராதவன் மனிதனே இல்லை. கூலி என்று பேச்செடுத்தால் செருப்படி விழும். கூப்பிட்டவர் வயிறாரச் சோறு போட்டால் போதும். இப்படித்தான் வீடு கட்டுகிறோம், அறுவடை செய்கிறோம், செத்தவனுக்குக் குழியும் வெட்டுகிறோம்.

பூருலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன் அண்ணே, நமக்கு வேற வேலை இல்லையா? எவனோ காசு வாங்கிக்கிட்டுத் தோண்டிப் போடுவான், நாம நம்ம சோத்தைப் போட்டு மூடணுமா? எவன் காசு வாங்கினானோ அவன் வந்து மூடட்டும். அவன் யாருன்னு நான் கேக்கப் போறேன்.”

நகராட்சியில் தகவல் கொடுப்பதற்கென்றே ஒரு ஜன்னல் இருக்கிறது. ‘தகவல் உங்கள் உரிமை’ என்று மேலே பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே மெடெர் என்கிற இளைஞன், முடியைப் படிய வாரிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அறையத் தோன்றும்.

“எங்க தெருவைத் தோண்டுன காண்ட்ராக்டர் யாருப்பா?”

“அது ஒப்பந்தத்துல இருக்குக்கா.”

“அப்ப ஒப்பந்தத்தைக் காட்டு.”

“காட்டணும்னா காண்ட்ராக்டர் சம்மதம் வேணுமே.”

“சரி, போய் வாங்கிட்டு வர்றேன். அவர் யாரு?”

“அதுதான் ஒப்பந்தத்துல இருக்குன்னு சொன்னேனே.”

பூருல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தில் தேடினாள். இல்லை, மனசாரத்தான் சொல்கிறான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

வீட்டில் மீரிம் கால்களைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, போனில் சட்டத்தையே எடுத்துப் படித்தாள். படித்த பெண். மாமியார் முன்னால் சத்தமாகப் பேச மாட்டாள். சட்டத்தைப் படிக்கும்போது மட்டும் குரல் உயரும்.

“அத்தை, மக்கள் காசுல நடக்குற வேலைன்னா ஒப்பந்தத்தை யார் கேட்டாலும் கொடுத்தாகணும். ஏன் கேக்குறேன்னு காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.”

“அப்படியா? இந்தச் சட்டம் அந்தச் சிரிப்பாணிக்குத் தெரியுமா?”

“அவங்க ஜன்னல்லயே ஒட்டியிருப்பாங்க அத்தை.”

மீரிம் சொல்லச் சொல்ல பூருல் மனு எழுதினாள். கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போட மனம் வரவில்லை. ‘கோபத்துடன், பூருல்’ என்று கையெழுத்துப் போட்டாள்.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. அடுத்த வாரமே எந்திரம் உறுமிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. தெருவே வாசலுக்கு ஓடி வந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூருல் எந்திரம் ஓட்டி வந்த தெமிருக்குச் சூடாகத் தேநீரும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் ஜாமும் கொண்டு போய்க் கொடுத்தாள். காது வரை தொப்பியை இழுத்துவிட்டிருந்த அந்தத் தடியன் எல்லாவற்றையும் சாப்பிட்டான். தட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு பூருலின் வாசலுக்கு நேரே, குறுக்காக, இன்னொரு பள்ளம் தோண்டினான்.

“டேய்! டேய்! என்னடா பண்றே!”

“யாரோ மனு போட்டிருக்காங்களாம்க்கா. ஆழம் சரியா இருக்கான்னு பார்க்கச் சொன்னாங்க.”

“பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு. சரியாத்தான் இருக்கு.”

“அப்ப மூடுடா!”

“தோண்டத்தான் சொன்னாங்க. மூடுறது வேற ஆளு.”

எந்திரம் போய்விட்டது. கூடவே வந்த இன்னொருத்தன், அனுமதியில்லாத பாலம் ஆபத்து என்று சொல்லி, தெருவில் கிடந்த பலகைகளையெல்லாம் பொறுக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் இசாபெக் ஆட்டுக்குத் தீவனம் வாங்கப் போக, முதலில் வேலி ஏறி ஜுமாஷ் வீட்டுக்குள் குதித்து, அங்கே நாயிடம் சமாதானம் பேசி, பிறகு அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டு வழியாகத் தெருமுனைக்குப் போக வேண்டியிருந்தது.

“மனு போட்ட கை எதுன்னு தெருவே கேக்குது,” என்றார் திரும்பி வந்ததும், பேன்ட்டில் ஒட்டியிருந்த கோழி இறகைத் தட்டிக்கொண்டே.

“இந்தக் கைதான்! இன்னும் போடும்!”

மேல்முறையீடு போட்டாள். இந்த முறை கோபத்தோடு என்று எழுதவில்லை, ஏனென்றால் எழுதத் தேவையே இல்லாமல் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. கொஞ்ச நாளில் மெடெர் போன் செய்தான். ஒப்பந்தம் தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

பூருல் நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு போனாள். கனமான கட்டு. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள். மீரிம், இசாபெக், ஜுமாஷ், ஜுமாஷின் மனைவி எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தைத் திருப்பினார்கள். கறுப்பு. இரண்டாவது பக்கமும் கறுப்பு. ஒவ்வொரு வரியின் மேலும் மை பூசியிருந்தது. தலைப்பில் ‘ஒப்பந்தம்’ என்ற சொல் தப்பியிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் ‘மேலும்’ என்று இருந்தது.

“என்னமோ மேலும் இருக்குன்னு மட்டும் தெரியுது,” என்றார் ஜுமாஷ்.

இசாபெக் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். விரலெல்லாம் கறுப்பானது. அந்த விரலாலேயே மூக்கைச் சொறிந்துகொண்டார். ஜுமாஷின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனாள்.

பூருலுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு, வேலி ஏறி, நாயைத் தாண்டி, கோழிகளைத் தாண்டி, மூச்சிரைக்க நகராட்சி ஜன்னலுக்கே போய் டப்பென்று போட்டாள்.

“ஏண்டா, மை வாங்கக் காசு இருக்கு, பள்ளத்தை மூட மண்ணு இல்லையா?”

“அதெல்லாம் வியாபார ரகசியம்க்கா.”

“என் வாசல்ல இருக்குற குழி எவனுக்குடா ரகசியம்? வானத்துல போற காக்காய்க்குக்கூடத் தெரியுது!”

“குழி ரகசியம் இல்லக்கா. குழியைப் பத்தின காகிதம்தான் ரகசியம்.”

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் துணை மேயர் மக்களைப் பார்க்கும் நாள். தெருப் பெண்கள் எல்லோரையும் திரட்டினாள். மீரிமையும் கூட்டிக்கொண்டு போனாள். நிறைமாத வயிற்றோடு அவளைக் கோழிக்கூண்டு வழியாகக் கொண்டு போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஒருத்தி முன்னால் இழுத்தாள், ஒருத்தி பின்னால் தாங்கினாள். மீரிம் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

துணை மேயர் நல்ல மனிதர்தான். எல்லோருக்கும் தேநீர் சொன்னார். மீரிமுக்கு நாற்காலி போடச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார்.

“தங்கச்சிங்களா, உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போது ஒப்பந்தத்தை வெளியே விடுறதில்லை. வேலை முடிஞ்சிட்டா கதவு திறந்தாச்சு. யார் வேணா வந்து பார்க்கலாம்.”

“எங்க வேலை நடக்குது? ஆறு மாசமா ஒரு ஈ, காக்கா இல்லையே!”

“அதிகாரபூர்வமா நடந்துக்கிட்டு இருக்கு.”

“எப்ப முடியும்?”

“தேதி இருக்கு.”

“எங்க இருக்கு?”

அவருக்கே கொஞ்சம் வெட்கம் வந்ததோ என்னவோ, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சொன்னார். “ஒப்பந்தத்துல.”

திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. பள்ளம் நிரம்பி ஆறாக ஓடியது. காலையில் பார்த்தால் ஜுமாஷின் பசு கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. கயிறு கட்டி, கதவைக் கழற்றிச் சாய்த்து, தெருவே சேர்ந்து இழுத்து மேலே கொண்டு வந்தார்கள். பசு மேலே வந்ததும் ஜுமாஷ் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பூருல், பசுவைத் தூக்கியாச்சு. உன் மருமகளை யார் தூக்குறது? இன்னுமா சட்டம் பேசப் போறே?”

பூருல் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் மீரிம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. சட்டம் படிக்கிற பெண், எதற்கும் கலங்காதவள், அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

“அத்தை, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

அதற்கு மேல் என்ன வேண்டும்? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பூருல் சேற்றோடு சேற்றாகத் தெரு நடுவில் போய் நின்று கத்தினாள்.

“அஷார்! கேட்டுக்கோங்க, நான் கூப்பிடுறேன், அஷார்! எந்தக் காண்ட்ராக்டரும் நமக்கு வேண்டாம். அவன் மூஞ்சியில கரியைப் பூசுற மாதிரி நாமளே முடிச்சிக் காட்டுவோம்!”

“ஆடு?” என்றார் இசாபெக் மெதுவாக. வீட்டில் ஒரே ஓர் ஆடு இருந்தது. பேரப்பிள்ளை பிறந்தால் அறுப்பதற்கென்று வளர்த்தது.

“அறுங்க!”

“பிள்ளை பிறந்தா விருந்துக்கு?”

“பிள்ளை பிறக்கணும் முதல்ல!”

மறுநாள் அல்மாபாக் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருக்களிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். ஜுமாஷ் குழாய்களை ஒட்ட வைத்தார். பள்ளி வாத்தியார், கசாப்புக்காரர், டாக்சிக்காரர், மசூதி இமாம் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் பள்ளத்துக்குள். ஆளுக்கு ஆள் கோபம். முகம் தெரியாத அந்தக் காண்ட்ராக்டரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மண்ணைத் தள்ளினார்கள். திட்டத் திட்ட வேலை வேகமாக நடந்தது. இசாபெக் எதையும் தூக்கக் கூடாது என்பதால் மேட்டில் நின்று, “அங்க இன்னும் கொஞ்சம், இங்க இன்னும் கொஞ்சம்,” என்று கை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நடுவில் மெடெர் வந்தான். நகராட்சி ஆள் தடுக்க வந்துவிட்டான் என்று எல்லோரும் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தார்கள்.

“ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலை! நடத்துங்க, நடத்துங்க!” என்றான். போனில் நாலு படம் எடுத்தான். கறிச்சோறு சாப்பிட்டான். போய்விட்டான்.

தெமிரும் எந்திரத்தை முனையில் நிறுத்திவிட்டு வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பூருல் முறைத்தாள்.

“நீ எதுக்குடா வந்தே?”

“முதலாளி பார்த்துட்டு வரச் சொன்னாருக்கா.”

“நல்லாப் பாரு! போய்ச் சொல்லு அவன்கிட்ட! மானம் ரோஷம் இருக்குறவங்க எப்படி வேலை செய்யுறாங்கன்னு சொல்லு!”

“கண்டிப்பாச் சொல்றேன்க்கா,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவனும் ஒரு தட்டு கறிச்சோறு வாங்கிக்கொண்டான். அஷார் நடக்கிற இடத்தில் சோறு இல்லை என்று யாரிடமும் சொல்ல முடியாதே.

கடைசி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து மீரிமின் சத்தம் கேட்டது. இந்த முறை பொய்வலி இல்லை. பூருல் போனைத் தூக்கினாள். அதே டிரைவர், அதே நர்ஸ். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியதும் மண்வெட்டியோடு நின்ற அத்தனை பேரும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஈர மண் மேல் சக்கரம் கொஞ்சம் அமுங்கியது, ஆனால் நிற்கவில்லை. வாசலிலேயே வந்து நின்றது. பூருல் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பொழுது விடிவதற்குள் பேரன் பிறந்தான். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்த நேரத்தில் நடந்ததை வைத்தே பெயர் வைப்பதும் உண்டு. குழிபெக் என்று வைக்கலாம் என்றார் ஜுமாஷ். மீரிம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே, “மாமா, சட்டம் படிச்சவ நான், வழக்குப் போட்டுடுவேன்,” என்றாள். அவள் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் எல்லோரும் கேட்டோம்.

மீரிம் பிள்ளையோடு வீட்டுக்கு வந்த வாரம், தெருவில் மறுபடியும் நாடா கட்டினார்கள். மறுபடியும் மேயர். மறுபடியும் பிள்ளைகளின் பாட்டு. குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். பூருல் கை தட்டவில்லை. பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் மெடெர் சிரித்துக்கொண்டே வந்தான். கையில் ஒரு கட்டு.

“அக்கா, வாழ்த்துகள்! வேலை முடிஞ்சதா ஏத்துக்கிட்டாச்சு. சட்டப்படி ஒப்பந்தம் இனிமே எல்லாருக்கும் பொது. நீங்கதான் முதல்ல கேட்டீங்க, அதனால உங்களுக்குத்தான் முதல் நகல்.”

பூருல் பேரனை மீரிமிடம் கொடுத்துவிட்டுக் கட்டைப் புரட்டினாள். ஒரு சொட்டு மை இல்லை. பளிச்சென்று இருந்தது. எத்தனை தெரு, எவ்வளவு குழாய், எந்தத் தேதிக்குள், எல்லாம் இருந்தது. தேதிக்குள்தான் முடிந்திருந்தது. கடைசியில் சாட்சியாகப் படம்கூட ஒட்டியிருந்தது. மேட்டில் கை நீட்டிக்கொண்டு நிற்கும் இசாபெக்கின் படம். கீழே ‘மேற்பார்வையாளர்’ என்று போட்டிருந்தது.

“என் புருஷன்டா இது!”

“நல்லா விழுந்திருக்காருல்லக்கா?”

எங்கள் ஆடு, எங்கள் முதுகு, எங்கள் மண்வெட்டி. காசு அந்தக் காண்ட்ராக்டருக்கு. விரல் வைத்து வரி வரியாகப் படித்த பூருல் ஓர் இடத்தில் நின்றாள்.

“பயிற்சி பெற்ற ஆட்கள் நாற்பது பேர்னு போட்டிருக்கு. நாற்பது பேரு! ஒருத்தனையாவது நான் இந்தத் தெருவுல பார்த்தேனா? இதை முன்னாடியே காட்டியிருந்தா, எங்கடா அந்த நாற்பது பேருன்னு அன்னைக்கே கழுத்தைப் பிடிச்சிருப்பேனே! அதுக்குத்தானேடா மறைச்சீங்க!”

மெடெர் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் தெமிரின் எந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. பூருல் நடுத்தெருவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். காகிதத்தைத் தெமிரை நோக்கி ஆட்டினாள்.

“இறங்குடா கீழே! உன் முதலாளியோட நாற்பது ஆளு எங்கே? எங்கே வச்சிருக்கான் அவங்களை?”

தெமிர் எந்திரத்தை அணைத்தான். தொப்பியைக் கழற்றினான். மரியாதையாகவே சொன்னான்.

“அதுக்குத்தான்க்கா உங்களைத் தேடி வந்தேன், அடுத்த தெருவையும் தோண்டிப் போட்டாச்சு, அந்தத் தெரு ஆளுங்களுக்கு எப்பக் கோவம் வரும்னு முதலாளி உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு.”